சுண்ணாம்பு வெள்ளை

கார்ல்ஸ்ரூஹே,
8 டிசம்பர் 2024

என் அன்பின் சியாமளா அக்காவுக்கு,

நானும் இவரும் நலமாக இருக்கிறோம். ஸ்ரீதரனுக்கு ட்ராம் ஓட்டும் வேலை போன வருடத்தோடு முடிந்தது. இப்போது வீட்டில் இருந்துகொண்டு எனக்கு வழி சொல்கிறார். உங்களுக்குப் போனில் காது சரியாகக் கேட்பதில்லை, கடிதம் என்றால் ஆறுதலாக வாசிப்பீர்கள் என்று உங்கள் மகள் நிருஷா சொன்னாள். எனக்கும் அதுதான் நல்லது. இதில் எழுதப்போவதை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது.

பயப்பட வேண்டாம். நல்ல செய்தியைத்தான் முதலில் எழுதுகிறேன். ஒடீல் பிழைத்துவிட்டார். எழும்பி நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் பிடிக்கிறார். எங்களுடைய அகதி விடுதிக்கு, அந்த ஹைமுக்குக் கீழ்த் தளத்தில் படம் கீறிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் கனடா போன பிறகும் நான் அவரை விடவில்லை. வியாழக்கிழமைகளில் ஏதாவது சமைத்துக்கொண்டு போவேன். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அவர் மிளகாய்த்தூளுக்கு நன்றாகப் பழகிவிட்டார்.

அக்கா, அகதி அடையாளத்தோடு நாங்கள் நாலு வருடம் அவருடைய தலைக்கு மேலே நடந்து திரிந்தோம். அவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஹனோவரில் இருக்கும் செல்வராசா அண்ணையின் மகள் லக்சிகா சொல்லித்தான் எனக்கு முழுக்கதையும் தெரியவந்தது. அவள் ஓவிய வரலாறு படித்துவிட்டு, இங்கே பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் இருக்கும் ஓவியக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒடீல் மெர்சியே என்ற பெயர் பிரான்சில் ஒரு காலம் பெரிய பெயராம்.

1942இல் மூலூஸ் என்ற ஊரில் பிறந்தவர். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். தகப்பனுக்கு ரயில் பாதையில் வேலை, தாய்க்குத் துணிச் சாய ஆலையில் வேலை. ஆலைக்குப் பின்னால் போகும் வாய்க்கால் ஒருநாள் சிவப்பாகவும் அடுத்த நாள் பச்சையாகவும் ஓடுமாம். நிறம் என்றால் தண்ணீர் போல ஓடுகிற ஒரு பொருள் என்று சின்ன வயதில் நினைத்தேன் என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயதில் உதவித்தொகையோடு பாரிசுக்குப் படிக்கப் போனார். இருபத்தாறு வயதில் முதல் கண்காட்சி. ஆளை விட உயரமான துணிகள், முழுக்க நீலம், நீலத்துக்குள் இன்னொரு நீலம். பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் தன் சேகரிப்புக்கு இரண்டை எடுத்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் எல்லோரும் அவரிடம் நீலத்தையே கேட்டார்கள். ஒருநாள் அவர் ஒரு முகத்தைக் கீறிக்கொண்டுபோய்த் தன் படங்களை விற்கிறவரிடம் காட்டினார். இதை வேறு ஒருவருக்கும் காட்டிவிடாதே என்று அவர் சொன்னாராம்.

அந்த வருடமே பாரிசை விட்டுவிட்டார். தேவாலயங்களில் ஓர்கன் பழுது பார்க்கிற வெர்னர் என்பவரை விரும்பி அவரோடு இந்த ஊருக்கு வந்தார். ஐந்து வருடத்தில் வெர்னர் ரோட்டு விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒடீல் தூரிகையைத் தொடவில்லை. அப்படி இருந்த நாளில்தான் மேல் மாடிக்கு எங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். முதல் மாதம் முழுக்க அவர் கீழே இருந்து தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். பிறகு ஒருநாள் முறைப்பாடு சொல்ல ஏறி வந்தவரை நீங்கள்தான் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தீர்கள். அந்தத் தேத்தண்ணீருக்குப் பிறகு நாலு வருடம் அவர் எங்களையே கீறினார். நான் வெங்காயம் உரிப்பது, போனுக்கு வரிசையில் நிற்பது, ராசன் அண்ணை இரவு வேலை முடிந்து வந்து வாயைத் திறந்தபடி நித்திரை கொள்வது.

1990இல் அந்தப் படங்களைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். நல்ல கை ஒன்று இரக்கத்தில் வீணாகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். வேறு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அதோடு அவரை மறந்துவிட்டார்கள். இங்கே மாலை வகுப்பில் வேலையால் வருகிறவர்களுக்குப் படம் கீறக் கற்பித்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் ஓடியது. எழுபத்தைந்து வயதில்தான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் யாரோ அந்தப் பழைய நீலங்களைப் பார்த்து, இவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று தேடி வந்தார்கள். கடைசியாக இந்த ஊர் ஓவியக் கூடம் அவருடைய வாழ்நாள் வேலை முழுவதையும் வைத்து ஒரு பெரிய கண்காட்சி செய்ய முடிவெடுத்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது நீலம். ஒடீல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஹைம் காலத்துப் படங்களும் வர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

இந்த ஆவணியில் பெய்த மழையைப் பற்றி நிருஷா சொல்லியிருப்பாள். ஒரு பின்னேரத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் ஆறாகிவிட்டன. ஒடீலின் படங்கள் இருந்த நிலவறை முகடுவரை நிறைந்தது. தண்ணீரை இறைத்து முடிக்க இரண்டு நாள். கதவைத் திறந்தபோது நானும் நின்றேன். நீலங்கள் எல்லாம் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருந்தன. கீழே இருந்தவை எங்களுடைய படங்கள்தான், அறுபதுக்கு மேல். துணியை விட்டுப் பெயின்ற் தோலுரிந்து கையோடு வந்தது. என் மூக்கு எது, ராசன் அண்ணையின் வாய் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சேறு.

ஓவியக் கூடத்தார், பரவாயில்லை, நீலத்தை மட்டும் வைத்துச் செய்வோம் என்றார்கள். ஒடீல் சத்தம் போடவில்லை.

"நீலம் எனக்குத் தெரிந்ததை வைத்துச் செய்தது. அந்த நாலு வருடம்தான் நான் கண்ணால் பார்த்துச் செய்தது. அது இல்லாமல் என்னைப் பற்றிக் காட்ட ஒன்றும் இல்லை," என்றார். கண்காட்சியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டுக் கட்டிலில் படுத்தார். கொஞ்சம் சூப்பைத் தவிர வேறு சாப்பாட்டையும் நிறுத்தினார். மூன்று வியாழன் நான் கொண்டுபோனதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

நாலாவது வியாழன் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு எண்ணம் வந்தது. ஹைமை விட்டு வெளிக்கிட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு படம் கொடுத்தாரே, அவை எங்கே? அன்றே லக்சிகாவைக் கூப்பிட்டேன். அவள் தகப்பனைக் கேட்டாள், தகப்பன் இன்னொருவரைக் கேட்டார். இரண்டு கிழமையில் பதினொரு குடும்பத்தைப் பிடித்தோம். இவர் வான் வண்டி ஒன்று எடுத்தார். ட்ராம் ஓட்டிய மனிதர், தண்டவாளம் இல்லாத ரோட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்று நின்றுதான் ஓட்டினார்.

எர்லாங்கனில் ராசன் அண்ணை வீட்டில் படம் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. முப்பத்துமூன்று வருடம் சுவரைப் பார்த்தபடி. அவருடைய மனைவியிடம் ஏன் என்று கேட்டேன். "படுத்துக் கிடக்கிற மனுசனை ஆர் சுவரில மாட்டுறது, றீற்றா? வாற சனம் செத்துப்போனார் எண்டெல்லோ நினைக்கும்," என்றா. ராசன் அண்ணை பக்கத்தில் இருந்து தலையாட்டினார்.

ஹனோவரில் செல்வராசா அண்ணையிடம் இருந்தது அவருடைய தம்பியின் படம். தம்பி சுவிசில் காலமான பிறகு அதைச் சாமியறைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக்கு மேலே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வைத்த சந்தனமும் குங்குமமும் தடித்துப்போய் இருந்தது. லக்சிகா தகப்பனிடம் மெல்ல, துடைத்துத்தான் கொண்டுபோக வேண்டிவரும் அப்பா என்றாள். "பொட்டோட எண்டால் கொண்டுபோங்கோ. இல்லாட்டி அது இஞ்சையே இருக்கட்டும்," என்று அவர் எழும்பிப் போய்விட்டார். ஓவியக் கூடத்தோடு இரண்டு நாள் போனில் கதைத்து, கடைசியில் பொட்டோடேயே கொண்டுவந்தோம்.

இரண்டு வீட்டில் படம் தொலைந்துபோயிருந்தது, மற்றபடி இப்படி ஒன்பது படம். ஒடீலின் கட்டிலைச் சுற்றி நிறுத்தினோம். அவர் முதலில் ராசன் அண்ணையின் படத்தைப் பார்த்தார், வலது கை பிழை என்றார். பிறகு ஏதாவது சாப்பிட இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் சமையலறைக்குள் போய்த்தான் அழுதேன்.

இனி எழுதப்போவது உங்களுக்கு மட்டும்.

நிலவறையில் துணிப் படங்களோடு நாலைந்து துத்தநாகத் தகடுகளும் இருந்தன. கூரை வேலைக்காரர் விட்டுப்போனதை எடுத்து அதிலும் அவர் கீறுவதுண்டு. வெறும் தகடு என்று நினைத்து அவற்றை முற்றத்தில் சாத்தி வைத்திருந்தார்கள். போன மாதம் லக்சிகா ஒவ்வொன்றாகப் பஞ்சும் தண்ணீரும் வைத்துத் துடைத்தாள். ஒடீல் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தகட்டில் சேற்றோடு சேர்ந்து வெள்ளையும் கரைந்து ஓடியது. அதற்குள் இருந்து ஒரு கை வந்தது. பிறகு கதிரை. பிறகு நீங்கள்.

நீங்கள்தான் அக்கா. 1988 ஐப்பசி. மடியில் இரண்டு கையையும் மலர்த்தி வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். பச்சை நிறச் சட்டையில் இரண்டு இடத்தில் பால் ஊறி நனைந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்கார அண்ணை அந்தப் படத்தைப் பார்க்கக் கீழே போன அன்று நானும் படியில் நின்றேன். அவர் கத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தனக்குத் தெரிந்த நாலு டொச்சு மொழிச் சொல்லில் இரண்டை மட்டும் சொன்னார். "வெக், பிற்ற." எடுத்துவிடுங்கோ, தயவுசெய்து. ஒடீல் அவருக்கு முன்னாலேயே வெள்ளையை எடுத்து மேலிருந்து கீழாகப் பூசி மூடினார். அண்ணை அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தார்.

முற்றத்தில் நான் ஒடீலைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுக்காமல் தகட்டைப் பார்த்தபடி சொன்னார். "எண்ணெய் வெள்ளையும் பக்கத்தில் இருந்தது, தண்ணீரில் கரைகிற சுண்ணாம்பு வெள்ளையும் பக்கத்தில் இருந்தது. கை சுண்ணாம்பை எடுத்தது. எடுப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதரை நான் ஏமாற்றினேன், றீற்றா."

அவர் தன்னுடையதைச் சொல்லிவிட்டார். நான் என்னுடையதைச் சொல்ல வேண்டும். நீங்கள் பின்னேரங்களில் கீழே போய் இருக்கிறீர்கள் என்று அண்ணைக்குச் சொன்னது நான்தான். குசினியில் வைத்துச் சொன்னேன். உங்களுக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டேன், அக்கா, அது பொய். பிள்ளை போய் ஆறு கிழமை, ஒரே அடுப்பில் உங்களோடு சமைத்த என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பாஷை தெரியாத ஒருத்தியிடம் போய் இருந்தீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

தகட்டை ஒடீலின் அறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். எங்கள் மூன்று பேரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணை இப்போது இல்லை, முடிவு உங்களுடையது என்று ஒடீல் சொல்கிறார். நீங்கள் சம்மதித்தால், திரும்பவும் செய்வதாக முடிவான கண்காட்சியில் வைப்பார். வேண்டாம் என்றால் இந்த முறை எண்ணெய் வெள்ளையால், தன் கையாலேயே மூடுவார். எதைச் சொன்னாலும் அவருக்குச் சரி. எனக்கும்.

கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கோ. பதில் வரும்வரை மாதாவிடம் உங்களுக்காக மன்றாடிக்கொண்டிருப்பேன்.

உங்கள் தங்கை,
றீற்றா

*

ஸ்காபரோ,
19 ஜனவரி 2025

அன்பின் றீற்றா,

உன் கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். இங்கே கடும் பனி, வெளியே போவதில்லை, அதனால் யோசிக்க நேரம் இருந்தது. கை நடுங்குகிறபடியால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீதான் சொன்னாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இவரே சொன்னார். இரண்டு மூன்று வருடம் உன்மேல் கோபம் இருந்தது. உன் கடிதங்களுக்கு அப்போது பதில் பிந்தி வந்ததை நீ கவனித்திருப்பாய். பிறகு நிருஷா பிறந்தாள், கோபிக்க நேரம் இருக்கவில்லை. இனி அதை நீ தூக்கிக்கொண்டு திரியாதே.

நான் ஏன் கீழே போனேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேலே எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். இன்னொன்று பிறக்கும் என்றீர்கள், வயது இருக்கிறது என்றீர்கள். அன்பால்தான் சொன்னீர்கள். கீழே ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுசி என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தா. அது எனக்குப் போதுமாக இருந்தது.

இவரைப் பற்றி ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதம், உனக்கு முன் ஒரு அண்ணன் இருந்தான் என்று நிருஷாவுக்கு முதல்முறையாகச் சொன்னார். அந்தப் படத்தைப் பற்றியும் சொன்னார். சட்டையின் பச்சை, கதிரையில் ஒரு கால் உடைந்து கம்பி சுற்றியிருந்தது, யன்னலில் மழை, எல்லாம். அவர் அதை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார், றீற்றா. முப்பத்துநாலு வருடம் அதை மூடாமல்தான் வைத்திருந்திருக்கிறார். ஆகவே ஒடீல் ஒருவரையும் ஏமாற்றவில்லை என்று சொல்.

படத்தை வைக்கட்டும். என் பெயர் வேண்டாம். பெயர் ஒன்று எழுதத்தான் வேண்டும் என்றால் நிரூபன் என்று எழுதச் சொல். ஒன்பது நாளில் நாங்கள் அவனுக்குச் செய்தது அந்தப் பெயர் வைத்தது ஒன்றுதான்.

அவனை வைத்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. மறைக்காமல் எழுது.

ஸ்ரீதரனுக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
சியாமளா

*

கார்ல்ஸ்ரூஹே,
11 மே 2025

என் அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று இவர் என்னைக் கேட்டார், ஏன் இவ்வளவு சத்தமாகப் பாத்திரம் கழுவுகிறாய் என்று. எனக்கே தெரியவில்லை. உடம்பு லேசாகிவிட்டது, கை தன்பாட்டில் வேகமாக வேலை செய்தது. அன்றிரவு விடியும்வரை நித்திரை கொண்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நீங்கள் ஏசுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

ஒடீலுக்கு உங்கள் கடிதத்தை வரிக்கு வரி டொச்சில் சொன்னேன். அண்ணை கதிரைக் கம்பியைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். எழும்பிப்போய்த் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். கம்பி இருந்தது. தான் கீறியதே தனக்கு மறந்துபோயிருந்தது என்றார். நான் வெளிக்கிடும்போது என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அது முதல் தரம், பிரெஞ்சுக்காரி என்று பெயர் மட்டும்தான்.

கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமை திறந்தது. முதல் மூன்று மண்டபமும் நீலம். உண்மையைச் சொன்னால் அக்கா, எனக்கு விளங்காது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன், பருத்தித்துறைக் கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றது போல இருந்தது. லக்சிகாவுக்குச் சொன்னேன், அதை எழுதித் தாருங்கோ மாமி என்று பின்னால் திரிகிறாள்.

நாலாவது மண்டபம் எங்களுடையது. எர்லாங்கனில் இருந்தும் ஹனோவரில் இருந்தும் எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள், சீலை வேட்டியோடு. திறப்பு விழாவுக்கு வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் கறுப்புடுப்பு. யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ராசன் அண்ணை தான் நித்திரை கொள்ளும் படத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க முழிப்பாக நின்று கைகொடுத்தார். அவருடைய மனைவி தூரத்தில் நின்று ஒவ்வொருவருக்கும், அவர் இப்ப ஓய்வு பெற்றிட்டார், அப்ப பேக்கரியில வேலை என்று விளக்கம் சொன்னா. செல்வராசா அண்ணையின் தம்பி பொட்டோடு இருக்கிறான். வயதான ஜெர்மன்காரர் ஒருவர், அந்தச் சிவப்பும் ஓவியத்தில் சேர்ந்ததா என்று கேட்டார். ஓம், அது நாங்கள் செய்தது என்று செல்வராசா அண்ணை சொன்னார்.

உங்கள் படம் கடைசிச் சுவரில் தனியாக இருக்கிறது. பக்கத்தில் வேறு ஒன்றும் வைக்கவில்லை. மேல் மூலையில் கொஞ்சம் வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்க வேண்டாம் என்று ஒடீல் சொல்லிவிட்டார். கீழே சின்ன அட்டையில் தமிழிலும் டொச்சிலும் நிரூபன், 1988 என்று மட்டும். சனம் அந்த மண்டபத்துக்குள் கலகலவென்று வந்து, அந்த இடத்தில் மட்டும் சத்தம் குறைவதைப் பார்த்தேன். ஒரு பெண் கனநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, இவரைத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு அக்கா என்றேன். அவள் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை.

ஒடீலைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம். பாரிசில் இருந்து அருங்காட்சியகம் ஒன்றின் பொறுப்பாளர் வந்திருந்தார், இளம் ஆள். நாலாவது மண்டபத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு ஒடீலுக்கு முன்னால் குந்தி இருந்து, இந்த மண்டபத்தை இப்படியே அடுத்த வருடம் பாரிசுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று கேட்டார். உங்கள் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை இதுதான், அந்த நாளில் எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றும் சொன்னார். லக்சிகாதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒடீல் என்ன சொன்னார் தெரியுமா? அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், அப்படியானால் வருகிறேன் என்றார். அவ்வளவுதான். ஆனால் வான் வண்டியில் திரும்பி வரும்போது வெர்னரின் பெயரை இரண்டு தரம் சொன்னார், யாருக்கும் அல்ல, யன்னலுக்கு.

திரும்பவும் கீறத் தொடங்கிவிட்டார். கை நடுக்கம்தான், பெரிய துணி ஏலாது. சின்னக் கடதாசிகளில் செய்கிறார். என்னை இருக்கச் சொன்னார். என் மூக்கு ஏற்கெனவே ஒருமுறை வெள்ளத்தில் போனது போதும் என்றேன். ஆனாலும் வியாழக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட இடத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். இங்கே கல்லறைக்கு ஒரு காலம்தான் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. நிரூபனுடைய காலம் முடிந்தபோது கல்லை எடுத்துவிட்டார்கள், பதினாறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். ஆனால் இடம் எனக்குத் தெரியும். கிழக்கு வாசலால் உள்ளே போனால் தண்ணீர்க் குழாய், அதிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது பேர்ச் மரம். இப்போது புல்லும் சின்ன வெள்ளைப் பூவும். ஒவ்வொரு கார்த்திகை இரண்டாம் திகதியும், மரித்தோர் நாளில், எங்கள் முறைப்படி ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு வருவேன். சைவப் பிள்ளைக்குச் செய்யலாமோ என்று முதல் வருடம் இவரைக் கேட்டேன். வெளிச்சம்தானே, ஏற்று என்றார். ஒரு வருடமும் தவறவில்லை. பனி கொட்டிய வருடம் இவரும் கூட வந்து குடை பிடித்தார்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கேட்கிறேன். கண்காட்சி புரட்டாதி முடியும்வரை இருக்கும். கோடையில் இங்கே நல்ல காலநிலை, உங்கள் மூட்டுக்கும் சுகம். நிருஷாவுக்கு லீவு இல்லாவிட்டால் தனியாக வாங்கோ. சக்கர நாற்காலி கேட்டால் விமானத்தில் அவர்களே கூட்டிக்கொண்டு வந்து வெளியே விடுவார்களாம், லக்சிகா விசாரித்துவிட்டாள். பிராங்பேர்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். நேரே வீட்டுக்குப் போவோம். குளித்து, சாப்பிட்டு, இரண்டு நாள் படுத்து எழும்புங்கோ. படத்தைப் பார்ப்பதா, மரத்தடிக்குப் போவதா, ஒன்றும் வேண்டாம் என்று என்னோடு குசினியில் இருப்பதா என்பதெல்லாம் பிறகு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

மாதா உங்களுக்கும் நிருஷாவுக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும். அண்ணையின் ஆன்மா அமைதியாக இருக்கட்டும். வாங்கோ அக்கா. பின்னறையில் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன்.

என்றும் உங்கள்,
றீற்றா